கார் கதவிலிருந்து பூங்கா வாசல் வரை

புளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குக் காரில் வருகிறவர், நுழைவுக் கூண்டின் முன் நின்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். சாதாரண இடம் என்றால் 30 டாலர். கிட்டத்தில் நிறுத்த வேண்டுமென்றால் அதைப் போல ஒன்றரை மடங்கு, கூட்டம் மிகுந்த நாளில் அதற்கும் மேல். பின் இருக்கையில் இரண்டு வயதுக் குழந்தை சிணுங்கிக்கொண்டிருக்கும்போது பெற்றோரின் கை இரண்டாவதை நோக்கிப் போவதில் வியப்பில்லை. ஆனால் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய இடம் எதற்குப் பக்கம்? பூங்கா வாசலுக்கு அல்ல; வாகனம் மாறி ஏறும் இடைநிலையத்துக்கு. பூங்கா அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி, செவன் சீஸ் லகூன் என்ற வெட்டிய ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. கிட்டத்தில் நிறுத்தியவரும் எட்டத்தில் நிறுத்தியவரும் ஒரே படகுக்கோ மோனோரயிலுக்கோ ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான். சிறு குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு எது வசதியான பார்க்கிங் என்ற கேள்விக்குத் தீம் பார்க் தொழில் தரும் பதில், தூரத்தைக் குறைத்து அதற்கு விலை வைப்பது. அளவுகோலே பிழை என்று நினைக்கிறேன். கைக்குழந்தைக் குடும்பத்தைக் களைப்படையச் செய்வதில் தூரத்துக்கு உள்ள பங்கு சிறிது. அந்தத் தூரத்துக்குள் எத்தனை முறை ஏறி இறங்க, ஸ்ட்ரோலரை மடக்கி விரிக்க, தூங்கும் பிள்ளையைத் தூக்கி இடம் மாற்ற வேண்டியிருக்கிறது என்பதில்தான் பாடு இருக்கிறது.

இந்தப் பாடு தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. டிஸ்னியின் முதல் பூங்காவான டிஸ்னிலேண்டுக்காகக் கலிபோர்னியாவின் அனஹைம் நகரைத் தேர்ந்தெடுத்துச் சொன்னவர் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் ஹாரிசன் பிரைஸ். சான்டா ஆனா விரைவுச்சாலை அந்தப் பக்கமாக வரப்போவது அவர் கணக்கில் முக்கியமான வரவு. அதாவது பூங்கா பிறக்கும்போதே கார்களை எதிர்பார்த்துப் பிறந்தது. 1955 ஜூலை 17 அன்று அது திறந்தபோது, ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த நிலத்தில் பூங்காவுக்குச் சுமார் 60 ஏக்கரும் கார் நிறுத்த அதைவிடப் பெரிதாகச் சுமார் 100 ஏக்கரும் போயிருந்தன. 12,000க்கும் மேற்பட்ட கார்கள் நிற்கலாம். கட்டணம் 25 சென்ட். முதல் நாளிலிருந்தே காசு வாங்கியதால், இலவசப் பார்க்கிங்கின் பொற்காலம் ஒன்று இருந்து மறைந்ததாக யாரும் ஏங்கத் தேவையில்லை. அந்த நிலம் முழுவதும் வாசலுக்கு எதிரே விரிந்து கிடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 100 ஏக்கரைச் சதுரமாகக் கற்பனை செய்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 640 மீட்டர் வரும். கடைக்கோடியில் நிறுத்தியவருக்கும் பத்து நிமிட நடை. டிராம் இருந்தது, வேண்டியவர்கள் ஏறினார்கள். வேண்டாதவர்கள் பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே நேராக வாசலுக்குப் போய்விடலாம். மதியம் காருக்குத் திரும்பி வந்து, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டி மறுபடி உள்ளே போவதற்கும் தடையில்லை.

1998 ஜனவரியில் அந்த நிலத்தை மூடினார்கள். அதன் மேல்தான் 2001 பிப்ரவரியில் கலிபோர்னியா அட்வென்ச்சர் என்ற இரண்டாவது பூங்கா எழுந்தது. கார்கள், 2000இல் திறந்த மிக்கி அண்ட் ஃபிரண்ட்ஸ் என்ற அடுக்குமாடி நிறுத்தத்துக்குக் குடிபெயர்ந்தன. அதில் 10,000க்கும் மேல் இடம். 2019இல் அதன் பக்கத்திலேயே பிக்சார் பால்ஸ் என்று இன்னொரு கட்டடம். நிலச் சிக்கனம் என்று பார்த்தால் இதில் குறை சொல்ல எதுவும் கிடையாது. தார்த்தரையில் வேகும் காருக்குப் பதில் கூரை நிழலில் நிற்கும் கார் குழந்தைக்கும் நல்லது. ஆனால் காருக்கும் வாசலுக்கும் நடுவே பெரியவர் நடந்தாலே கால் மணி நேரம் பிடிக்கும் இடைவெளி வந்துவிட்டது. விருப்பமாக இருந்த டிராம் பெரும்பாலோருக்குக் கட்டாயமாயிற்று. புளோரிடாவில் இந்த இடைவெளி வளர்ந்து சேர்ந்ததுகூட இல்லை, திட்டமிட்டு வைத்தது. அனஹைமில் பூங்காவைச் சுற்றி மோட்டல்களும் கடைகளும் முளைத்ததைக் கண்டு கசந்துபோன வால்ட் டிஸ்னி, புளோரிடாவில் 27,000 ஏக்கருக்கும் மேல் வாங்கச் செய்தார். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் திறந்தபோது, கார்கள் ஏரியின் இக்கரையோடு நின்றுவிட, அன்றாட உலகத்தைத் தண்ணீருக்குப் பின்னால் விட்டுப் போவது போன்ற ஒரு நாடக ஏற்பாடு அமைந்தது.

நாடகத்துக்கு நான் எதிரி அல்லன். காலையில் படகில் போகும்போது அக்கரையில் கோட்டை மெல்ல உருவெடுத்து வருவது பிள்ளைகளுக்குப் பூங்காவின் முதல் விளையாட்டாகவே அமையும். ஆனால் அந்தக் காட்சிக்கு முன்னால் நடப்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். காரை நிறுத்துகிறார்கள். குழந்தையைக் கார் இருக்கையின் வார்களிலிருந்து விடுவிக்கிறார்கள். டிக்கியிலிருந்து ஸ்ட்ரோலரை எடுத்து விரித்து, பிள்ளையை உட்கார வைத்து, வார் மாட்டி, டயப்பர் பையைத் தொங்கவிட்டு டிராம் நிற்கும் இடத்துக்கு வருகிறார்கள். டிஸ்னி டிராம்களில் ஸ்ட்ரோலரை மடக்கித்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. எனவே ஐந்து நிமிடத்துக்கு முன் செய்ததையெல்லாம் பின்னோக்கிச் செய்ய வேண்டும். இறங்கியதும் மறுபடி விரிப்பு. 2017இலிருந்து பாதுகாப்புச் சோதனையும் இக்கரைக்கே வந்துவிட்டதால் அதற்கொரு வரிசை. பிறகு படகு அல்லது மோனோரயில், பிறகு டிக்கெட் வாயில். தம்பதியாக வந்தால் சமாளிக்கலாம். தாயோ தந்தையோ தனியாக இரண்டு பிள்ளைகளோடு வந்தால், ஒரு கையில் கைக்குழந்தை, ஒரு கையில் மடக்கிய ஸ்ட்ரோலர், மூன்று வயதுக்காரியைப் பிடிக்கக் கையே மிச்சமில்லை. வாடகை ஸ்ட்ரோலர் எடுத்தால் மடக்கும் வேலையே வேண்டாமே என்று தோன்றும். அதை வாங்கும் இடம் வாசலைத் தாண்டி உள்ளே இருக்கிறது. பூங்காவை விட்டு வெளியே அதைக் கொண்டுவரவும் கூடாது. நாளிலேயே நீளமான, நிழல் இல்லாத, பொழுதுபோக்கும் இல்லாத பயணத்துக்கு வண்டி கிடையாது என்றுதான் இதற்குப் பொருள். 2019 மே 1 முதல் டிஸ்னி பூங்காக்கள் 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரோலர்களைத் தடை செய்திருக்கின்றன. உள்ளே நெரிசல் குறையட்டும் என்று அங்குலக் கணக்கில் யோசித்த நிர்வாகம், வெளியே உள்ள ஒரு மைலைப் பற்றி அதே நுணுக்கத்தோடு யோசித்ததற்கு அடையாளம் இல்லை.

தூரத்தைக் குறைக்காமலே மாற்றங்களைக் குறைக்க முடியும் என்பதற்குப் புளோரிடாவிலேயே, ஆர்லாண்டோ நகரில் சான்று உண்டு. யுனிவர்சல் நிறுவனம் 1999இல் தன் இரண்டாவது பூங்காவோடு சேர்த்து இரண்டு ராட்சத அடுக்குமாடி நிறுத்தங்களைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 கார்கள் நிற்கும். அங்கிருந்து பூங்கா வாசல் கிட்டத்தில் இல்லை. லிஃப்டில் இறங்கி, கூரை வேய்ந்த பாலங்களில் நகரும் நடைமேடைகள் வழியாகச் சோதனை இடத்துக்கு வந்து, சிட்டிவாக் என்ற கடைத்தெருவைக் கடந்தால்தான் வாசல். நிறுவனம் இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. ஒவ்வொரு குடும்பமும் போகும்போதும் வரும்போதும் அந்தக் கடைகளைக் கடந்தாக வேண்டும். ஆனாலும் காருக்குப் பக்கத்தில் விரித்த ஸ்ட்ரோலரைப் பூங்காவுக்குள் போகும்வரை மடக்க வேண்டியதில்லை. உள்ளே உறங்கும் பிள்ளையை எழுப்பவும் வேண்டியதில்லை. எந்த வாகனமும் நடுவில் இல்லாததால் வாகனத்துக்குக் காத்திருப்பதும் இல்லை. ஒன்றரை மடங்கு விலை கொடுத்துக் கிட்டத்தில் நிறுத்திவிட்டு மறுபடி வாகனம் ஏறி இறங்குவதைவிட, ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு போகும் இந்த நீண்ட வழி மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவர்களுக்கு மேலானது என்பது என் மதிப்பீடு. 2025 மே 22 அன்று அதே நிறுவனம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் அடுக்குமாடியும் இல்லை, டிராமும் இல்லை. திறந்தவெளியில் நிறுத்திவிட்டு நேரே நடந்து வாசலை அடைகிறார்கள். நிழலில் பின்னடைவு, தொடர்ச்சியில் ஆதாயம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2020இல் கொரோனாவால் மூடிய பூங்காக்கள் திறந்தபோது டிராம்கள் உடனே திரும்பவில்லை. அனஹைமில் பூங்கா 2021 ஏப்ரல் 30இல் திறந்தது, டிராம் 2022 பிப்ரவரி 23இல்தான் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட மாதங்களில் எல்லோரும் நடந்தார்கள், டிராமைக் கொண்டுவா என்ற குறையும் ஓயாமல் ஒலித்தது. மாறி ஏறுவதுதான் சிரமம் என்றால் மக்கள் ஏன் மறுபடி அதையே கேட்டார்கள்? கேட்டவர்களில் கால் வலிக்கும் தாத்தா பாட்டிகள் இருப்பார்கள், ஸ்ட்ரோலருக்குப் பெரியவனாகவும் ஒரு கிலோமீட்டர் நடக்கச் சிறியவனாகவும் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் பெற்றோர் இருப்பார்கள். அவர்களுக்கு டிராம் வரம்தான். ‘குழந்தைகள் உள்ள குடும்பம்’ என்று ஒரே கட்டாகக் கட்டுவதால் வரும் குழப்பம் இது. ஆறு மாதக் குழந்தைக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தேவைகள் எதிரெதிராகவே இருக்கக்கூடும். ஆகவே டிராமை ஒழிக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. டிராமில் ஏறாமல் நடந்துபோக நிழலான, வாகனம் குறுக்கிடாத ஒரு தடம் இருக்க வேண்டும். டிராமில் ஒரு பெட்டியாவது விரித்த ஸ்ட்ரோலரை அப்படியே உருட்டி ஏற்றும் தாழ்தளமாக இருக்க வேண்டும். ஏரிப் படகில் ஸ்ட்ரோலரை மடக்க வேண்டியதில்லை என்பதால் இது ஒன்றும் ஆகாத காரியம் அல்ல.

இரவில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. பூங்காவுக்குள் வரும் குடும்பங்கள் காலை முழுக்கப் பரவலாக வருகின்றன. வெளியேறுவதோ வாணவேடிக்கை முடிந்த கையோடு, ஒரே நேரத்தில். அந்நேரம் பிள்ளை ஸ்ட்ரோலரிலேயே தூங்கிப்போயிருக்கும். மடக்கச் சொல்லும் டிராம் என்றால் அதை எழுப்பியாக வேண்டும், எழுப்பினால் அழும். கார் எந்த வரிசையில் என்று தேடும் நேரமும் அதுவே. பழைய அனஹைம் நிலத்தில் தொடங்கிப் பகுதிகளுக்குக் கார்ட்டூன் பாத்திரங்களின் பெயரை வைத்ததும், மேஜிக் கிங்டத்தில் நாயகர்கள் ஒரு பக்கம், வில்லன்கள் ஒரு பக்கம் என்று பிரித்ததும் நல்ல யோசனைகள். எண்ணை மறக்கும் அப்பாவுக்குப் பிள்ளையே நினைவூட்டிவிடும். அந்த நேரத்து நிறுத்துமிடம் ஆபத்தானதும்கூட. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2014இல் தந்த கணக்குப்படி, பின்னோக்கி வரும் வாகனங்களில் அடிபட்டு அந்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 210 பேர் இறந்தனர்; அவர்களில் 31 விழுக்காடு ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பின்புறக் கேமரா இல்லாத புதிய காரை 2018 மே முதல் அங்கே விற்க முடியாது என்றான பின்னணி இது. தீம் பார்க் திறந்தவெளிகளில் ஊழியர்கள் கையசைத்துக் கார்களை முன்னோக்கியே வரிசையில் நிரப்பி, போகும்போதும் முன்னோக்கியே கிளம்பச் செய்வது வேகத்துக்காகத் தோன்றிய முறை. குழந்தைகளுக்கு அது கொடுக்கும் பாதுகாப்பு, கேட்காமலே கிடைத்த நன்மை.

தனி இடம் ஒதுக்குவது பற்றிய விவாதம் இங்கேதான் வருகிறது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் பேரங்காடிகளில் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அகலமான இடங்கள் இருக்கின்றன. ஆனால் போக்குவரத்துச் சட்டத்தில் அவற்றுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தைப் போன்ற நிலை இல்லை, பெரும்பாலும் மரியாதையை நம்பி ஓடுகின்றன. தைவான் ஒரு படி மேலே போய், பொது நிறுத்துமிடங்களில் 2 விழுக்காட்டைக் கருவுற்றவர்களுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்களுக்கும் ஒதுக்க வேண்டுமென்று குழந்தை நலச் சட்டத்திலேயே எழுதியது. அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. ஒதுக்கினால் யார் தகுதியானவர் என்று பார்ப்பது எப்படி, ஆளாளுக்குப் புகுந்துவிட மாட்டார்களா என்பது வழக்கமான கேள்வி. பேரங்காடிக்கு அது நியாயமான கேள்வி. தீம் பார்க்கில் ஒவ்வொரு காரும் ஓர் ஊழியர் முன் நின்று பணம் கட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறது. பின் இருக்கையில் வார் போட்ட குழந்தை அவர் கண்ணுக்குத் தெரியும். வருபவர்களில் பெரும்பகுதியே குடும்பங்கள், எல்லோருக்கும் முன்னுரிமை என்றால் யாருக்கும் இல்லை என்று மறுத்தால், அதற்கான கோட்டையும் பூங்காக்களே ஏற்கெனவே போட்டிருக்கின்றன. டிஸ்னியிலும் யுனிவர்சலிலும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை. டிக்கெட்டுக்குப் பயன்படும் வயதுக்கோடு நிறுத்துமிடத்துக்கும் பயன்படலாம். வரிசையாக நிரப்பும் வேகம் கெடும் என்பதும் நிற்காது. கூடுதல் பணம் கட்டியவரை இன்று கூண்டிலேயே பிரித்து அனுப்புகிறார்கள். பணத்துக்காகப் பிரிக்க முடிந்தால் வயதுக்காகவும் முடியும்.

மாற்றுத்திறனாளிகளின் இடத்தை இது பறித்துவிடும் என்ற கவலை மட்டும் மெய்யானது. அந்த இடங்கள் உரிமை, இவை வசதி. எனவே இரண்டும் கலக்கக் கூடாது, குழந்தைகளுக்கான இடம் வாசலுக்கு மிகப் பக்கத்திலும் இருக்கத் தேவையில்லை. குழந்தைக் குடும்பங்களுக்கு வேண்டியது அகலம். அமெரிக்க விதிகளில் மாற்றுத்திறனாளிக்கான இடத்தின் சிறப்பே 8 அடி அகல இடத்தோடு ஒட்டிய 5 அடி வெற்று வழிதான். கார் இருக்கையிலிருந்து குழந்தையை எடுக்கக் கதவு முழுவதும் திறந்தாக வேண்டும், பக்கத்தில் ஸ்ட்ரோலர் நிற்க வேண்டும். அந்த 5 அடி இதற்கும் போதும். இரண்டு இடங்களுக்கு ஒரு வழி என்று பகிர்ந்துகொண்டால் செலவு சொற்பம். 12,000 கார் நிறுத்தத்தில் தைவான் அளவான 2 விழுக்காட்டை எடுத்தால் 240 இடங்கள், அதற்கு 120 வழிகள், மொத்தம் 600 அடி அகலம். 9 அடிக்கு ஒரு கார் என்று வகுத்தால் பூங்கா இழப்பது 67 கார்களுக்கான இடம், அரை விழுக்காட்டுக்குச் சற்றே அதிகம்.

நிழலைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. டிஸ்னிலேண்ட் பாரிஸ் தன் நிறுத்துமிடத்தின் மேல் 17 ஹெக்டேர் பரப்புக்குச் சூரியத் தகட்டுக் கூரை அமைத்து 2023இல் முடித்துவிட்டது. 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளி நிறுத்தங்களில் பாதியையாவது இப்படி மூட வேண்டும் என்று பிரான்ஸ் அதே ஆண்டில் சட்டமும் கொண்டுவந்தது. கூரையே மின்சாரத்தை விளைவிக்கும்போது நிழல் வீண்செலவு என்ற வாதம் எடுபடாது.

இவ்வளவும் காருக்குச் செய்யும் சலுகைகள், ரயில் விட்டால் தொல்லையே இல்லை என்று நகரத் திட்டக்காரர்கள் சொல்வார்கள். ஐரோப்பாவையும் ஜப்பானையும் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. பாரிஸ் பூங்காவின் வாசலருகே 1992இலிருந்தே புறநகர் ரயில் நிலையம் உண்டு. டோக்கியோ டிஸ்னிலேண்டுக்கு அடுத்து மைஹாமா நிலையம் 1988இல் வந்தது. ரயிலில் ஸ்ட்ரோலரை விரித்தபடியே உருட்டி ஏறலாம் என்பதால் என் அளவுகோலிலும் அவை தேறுகின்றன. அனஹைமும் ஆர்லாண்டோவும் அப்படிக் கட்டப்படவில்லை. கலிபோர்னியாவில் 2017 முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பின்நோக்கிய இருக்கையில்தான் வைக்க வேண்டும். புளோரிடாவிலும் ஐந்து வயது வரை தக்க இருக்கை கட்டாயம். வாடகைக் காரை அழைத்தால் இந்த இருக்கையை யார் கொண்டுவருவது? டிஸ்னி 2017இல் தொடங்கிய மின்னி வேன்கள் இருக்கைகளோடு வந்து மேஜிக் கிங்டம் வாசலிலேயே இறக்கிவிடுவது இந்தத் தேவையைப் புரிந்துகொண்ட சேவை. சொந்தக் காரில் வருபவருக்குத் திறக்காத வழி அதற்குத் திறக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக வரும் மறுப்பு, வசதி வேண்டுமென்றால் விலை கொடுக்கட்டும் என்பது. விலை கொடுத்து உண்மையான வசதியை வாங்க முடிந்தால் அதை ஒப்புக்கொள்ளலாம். மேஜிக் கிங்டத்துக்கு நடந்தே போகக்கூடிய இடம் உண்டு. கன்டெம்பரரி, கிராண்ட் புளோரிடியன் என்ற சொகுசு விடுதிகளின் அறைகள். அனஹைமில் ஹார்பர் பூல்வார்டின் மறுபக்கத்து மோட்டல்களில் தங்குபவர் காரைத் தொடாமல், ஸ்ட்ரோலரை மடக்காமல், சில நிமிடங்களில் வாசலை அடைந்து மதியம் தூங்க வைக்கத் திரும்பியும் வந்துவிடுகிறார். இந்த வழியின் மதிப்பை அங்குள்ள வணிகர்கள் நன்றாக அறிவார்கள். அந்தச் சாலைக்குக் கிழக்கே புதிய கார் நிறுத்தம் கட்டி, சாலைக்கு மேல் பாலம் போடும் திட்டத்தை டிஸ்னி 2016இல் முன்வைத்தபோது, கூட்டம் தங்கள் கடைகளின் தலைக்கு மேல் போய்விடும் என்று அவர்கள் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டு, கார்கள் மறுபடி டிராம் பக்கமே போய்ச் சேர்ந்தன. ஆக, தடையற்ற பாதை என்ற சரக்கு சந்தையில் இருக்கிறது, ஆனால் அறை வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. நிறுத்தக் கூண்டில் 30 டாலருக்கும் அதற்கு மேலும் விற்கப்படுவது வேறு சரக்கு. ஏரியைத் தூர்த்து மேஜிக் கிங்டத்தை இக்கரைக்கு யாரும் கொண்டுவரப் போவதில்லை. வாடகை ஸ்ட்ரோலரைத் தருவதையும் திரும்ப வாங்குவதையும் இக்கரைக்குக் கொண்டுவர ஒரு கொட்டகை போதும்.